கோடி ரூபாய் ஹைபிரிட் காருக்கு வழி... தஞ்சாவூர் அரிசிக்கு வேலி? பிரிட்டன் ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன?

நான்கு பேர் சொகுசாக உட்காரலாம். 782 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.2 விநாடி போதும். பெட்ரோலே இல்லாமல் பேட்டரியில் மட்டும் 81 கி.மீ. ஓடும். பிரிட்டனின் குரூ நகரத்தில் தயாராகும் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஸ்பீட் காரின் விவரம் இது.

இந்த மாதிரி கார்களுக்கு இந்தியா விதிக்கும் இறக்குமதி வரி 110 சதவீதம். 2025 ஜூலை 24-ம் தேதி கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் இந்த வரியைக் குறைக்க வழி செய்திருக்கிறது. அதே ஒப்பந்தத்தில், அரைத்த அரிசிக்கு பிரிட்டன் எந்த வரிச் சலுகையும் தரவில்லை.

காவிரி டெல்டாவில் இருந்து பார்த்தால் இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து கார் வரலாம், இங்கிருந்து பொன்னி அரிசி போகக் கூடாதா? இந்தக் கேள்வியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது என்ன கார்?

'கிராண்ட் டூரர்' என்பது கார் உலகில் தனி வகை. பந்தயக் காரின் வேகம் வேண்டும், ஆனால் குடும்பத்தோடு பல நூறு கிலோமீட்டர் அலுப்பில்லாமல் போகவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்பவர்களுக்கான கார் இது. ஜிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

'ஹைபிரிட்' என்றால் ஒரே காரில் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்திருப்பது. 2024-ல் அறிமுகமான இந்த பென்ட்லியில் 4 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின் 600 குதிரைத்திறன் தருகிறது. மின்மோட்டார் 190. பேட்டரியின் கொள்ளளவு 25.9 கிலோவாட் ஹவர். வீட்டில் வயர் போட்டு சார்ஜ் செய்யலாம் என்பதால் இது 'பிளக்-இன் ஹைபிரிட்'.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் போய்த் திரும்பி வர சுமார் 80 கி.மீ. அந்த 81 கி.மீ. என்பது ஐரோப்பிய சோதனை முறையில் கிடைத்த எண். டெல்டா வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் அது குறையவே செய்யும். ஆனாலும் ஒரு நாளின் உள்ளூர் ஓட்டத்தைப் பெரும்பாலும் பெட்ரோல் இல்லாமலே முடித்துவிடலாம்.

டெல்டா மக்களுக்கு ஹைபிரிட் புதுசும் இல்லை. கல்யாணத்துக்கும் நவக்கிரகக் கோயில் சுற்றுலாவுக்கும் ஓடும் இன்னோவா குடும்பத்தில், ஹைகிராஸ் மாடல் 2022-ல் ஹைபிரிட்டாக வந்துவிட்டது. அதற்கு வயர் போட்டு சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. ஓடும்போதே பேட்டரி நிரம்பும். லிட்டருக்கு 23.24 கி.மீ. என்பது சோதனையில் பதிவான மைலேஜ். அங்கே ஹைபிரிட் என்பது பெட்ரோல் செலவைக் குறைக்க. பென்ட்லியில் அதோடு வேகத்தைக் கூட்டவும்தான்.

இந்த ரக கார்கள் இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. மெர்சிடிஸ் நிறுவனம் 843 குதிரைத்திறன் கொண்ட ஏஎம்ஜி ஜிடி 63 எஸ் இ பெர்ஃபாமன்ஸ் என்ற நான்கு கதவு ஹைபிரிட் காரை 2023 ஏப்ரலில் 3.3 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் இங்கே அறிமுகப்படுத்தியது. 2024 நவம்பரில் பிஎம்டபிள்யூ எம்5 ஹைபிரிட் 1.99 கோடி ரூபாய்க்கு வந்தது.

ஒரு காருக்கு எவ்வளவு வரி?

கணக்கு புரிய ஒரு உதாரணம். வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்து இறங்கும்போது ஒரு காரின் மதிப்பு 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* இறக்குமதி வரி 110% - 1 கோடியே 10 லட்சம் ரூபாய்
* இப்போது மதிப்பு - 2 கோடியே 10 லட்சம்
* அதன் மேல் ஜிஎஸ்டி 40% - 84 லட்சம்
* மொத்தம் - 2 கோடியே 94 லட்சம் ரூபாய்

அதாவது 1 கோடி ரூபாய் காருக்கு 1 கோடியே 94 லட்சம் வரி. இதில் டீலர் லாபம், காப்பீடு எதுவும் சேரவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 20% சாலை வரி தனி.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் சொகுசு காருக்கான சுங்க வரி 100 சதவீதத்தில் இருந்து 70 ஆகக் குறைந்தது என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம். ஆனால் அதே பட்ஜெட்டில் 40% வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி சேர்க்கப்பட்டது. கூட்டினால் பழைய 110தான். ஜிஎஸ்டியில் பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 28% வரியும் 15% செஸ்ஸும் சேர்ந்து 43% ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40% ஆகியிருக்கிறது. மின்சார கார்களுக்கு வெறும் 5%.

பிரிட்டன் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

2022 ஜனவரியில் தொடங்கிய பேச்சுவார்த்தை, 2025 மே 6-ல் முடிவுக்கு வந்தது. ஜூலை 24-ல் பிரதமர் மோடி, பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் முன்னிலையில் கையெழுத்தானது. இந்தியப் பொருட்களில் 99% வகைகளுக்கு பிரிட்டனில் வரி இல்லை என்பது இந்தியா சொல்லும் பெரிய லாபம். பதிலுக்கு ஸ்காட்ச் விஸ்கி, கார் ஆகியவற்றுக்கு இந்தியா வரியைக் குறைக்கிறது.

காரில் முக்கியமான விஷயம் கோட்டா. எத்தனை கார் வேண்டுமானாலும் குறைந்த வரியில் வரலாம் என்று இல்லை. ஒப்பந்தம் அமலாகும் முதல் ஆண்டில் 20,000 பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சலுகை. அதில் 10,000 பெரிய இன்ஜின் கார்கள். பெட்ரோல் என்றால் 3,000 சிசிக்கு மேல், டீசல் என்றால் 2,500 சிசிக்கு மேல். இவற்றுக்கு முதல் ஆண்டிலேயே வரி 110-ல் இருந்து 30 சதவீதமாக இறங்கும். ஐந்தாம் ஆண்டில் 10 சதவீதம்.

மேலே பார்த்த அதே 1 கோடி ரூபாய் கார் 30% வரியில் வந்தால், ஜிஎஸ்டி சேர்த்து 1 கோடியே 82 லட்சம். 10% வரியில் 1 கோடியே 54 லட்சம். முதல் ஆண்டிலேயே ஒரு காருக்கு 1 கோடியே 12 லட்சம் ரூபாய் வரி குறைகிறது.

இந்தத் தொகையை நெல்லில் சொன்னால்? 2025-26 கொள்முதல் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஒரு காருக்குக் குறையும் வரி, சுமார் 4,400 குவிண்டால் நெல்லின் விலைக்குச் சமம். ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று வைத்தால், சுமார் 176 ஏக்கரின் ஒரு போக விளைச்சல்.

அப்போ ஹைபிரிட் பென்ட்லி விலை குறையுமா?

இங்கேதான் ஒரு திருப்பம். உடனே குறையாது.

மின்சார, ஹைபிரிட், ஹைட்ரஜன் வாகனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் எந்தச் சலுகையும் கிடையாது. ஆறாம் ஆண்டில் இருந்துதான் கோட்டா தொடங்கும். அதுவும் 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும். அதற்குக் கீழே உள்ள ஹைபிரிட், மின்சார கார்களுக்குச் சலுகையே இல்லை.

இதனால் ஒரு விசித்திரமான நிலைமை வருகிறது. பிரிட்டனில் தயாராகும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி12 காரும் பெரிய ஜிடிதான். பின்னால் இரண்டு சின்ன சீட் உண்டு. 4 லிட்டர் வி8, 680 குதிரைத்திறன், மின்மோட்டார் கிடையாது. முழுக்க பெட்ரோலில் ஓடும் அந்த காருக்கு முதல் ஆண்டே 30% வரி. பாதி நேரம் மின்சாரத்தில் ஓடக்கூடிய பென்ட்லிக்கு 110%. புகை அதிகம் விடுவதற்குச் சலுகை, குறைவாக விடுவதற்குத் தடை என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் காரணம் இருக்கிறது. பெட்ரோல் சொகுசு காரில் இந்திய நிறுவனங்கள் போட்டியே போடுவதில்லை. மின்சார வாகனத்தில் டாடா, மஹிந்திரா ஆகியவை பல ஆயிரம் கோடி முதலீடு செய்திருக்கின்றன. அந்தத் தொழில் காலூன்றும் வரை வெளியில் இருந்து போட்டி வேண்டாம் என்று அரசு நினைக்கிறது. ஹைபிரிட்டும் அதே பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் - ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவிக்கப்பட்ட முதலீடு 9,000 கோடி ரூபாய். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பெருமாள் கோயில் அருகே பிஎம்டபிள்யூ ஆலை 2007-ல் இருந்து இயங்குகிறது. டெல்டாவில் இருந்து டிப்ளமோ, ஐடிஐ முடித்துவிட்டு சென்னைப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஆலைகள் சாதாரண விஷயம் இல்லை.

அரிசிக்கு மட்டும் ஏன் வேலி?

இப்போது மறுபக்கம். ஒப்பந்தம் முடிவானபோதே பிரிட்டன் அரசு ஒரு பட்டியலைச் சொன்னது. சர்க்கரை, அரைத்த அரிசி, பன்றி இறைச்சி, கோழி, முட்டை. இவற்றுக்குச் சலுகை இல்லை.

வணிக அளவில் நெல்லே விளையாத நாடு பிரிட்டன். பிறகு யாரைக் காப்பாற்ற இந்த வேலி? பதில், அரிசி ஆலைகளை.

பன்னாட்டு வர்த்தகத்தில் அரிசிக்கு நாலு படி உண்டு. நெல், உமி மட்டும் நீக்கிய பழுப்பு அரிசி, தவிடு நீக்கி அரைத்த அரிசி, குருணை. பிரிட்டன் ஆலைகள் பழுப்பு அரிசியை இறக்குமதி செய்து, அங்கே தீட்டி, பாக்கெட் போட்டு விற்கின்றன. குறிப்பிட்ட பாஸ்மதி ரகங்கள் பழுப்பு அரிசியாகப் போனால் வரியே இல்லை. அரைத்த அரிசியாக வந்தால் வரி. அதாவது மூலப்பொருளைக் கொடு, ஆலை வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது பிரிட்டன்.

கேட்டால் கோபம் வரும். ஆனால் காரில் இந்தியா செய்வதும் இதேதான். முழுசாகத் தயாரான கார் வந்தால் 110%. அதே காரை உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இங்கே பூட்டினால் அடிப்படை சுங்க வரி 15% அளவுதான். அதனால்தான் பல ஜெர்மன் கார்கள் புனே அருகேயும் சென்னை அருகேயும் பூட்டப்படுகின்றன.

இந்தியாவுக்கு கார் எப்படியோ, பிரிட்டனுக்கு அரிசி அப்படி. வேலை எந்த ஊரில் நடக்கணும் என்பதுதான் இரண்டு இடத்திலும் சண்டை. வித்தியாசம் ஒன்றுதான். கார் வேலியை இந்தியா கொஞ்சம் திறந்துவிட்டது. அரிசி வேலியை பிரிட்டன் திறக்கவில்லை.

பாஸ்மதிக்கும் பொன்னிக்கும் ஒரே நியாயமா?

இல்லை. லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஈழத்தமிழர்கள் உட்பட, கடையில் தேடுவது புழுங்கல் அரிசி, பொன்னி, சம்பா. புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் வேகவைத்து, காயவைத்து, பிறகு அரைக்கணும். நெல் விளையும் இடத்திலேயே அந்த வேலை நடப்பதுதான் வழக்கம். தவிடு நீக்கிய புழுங்கல் அரிசியும் வர்த்தகக் கணக்கில் 'அரைத்த அரிசி'தான். ஆக, பழுப்பு பாஸ்மதிக்கு இருக்கும் வாசல் பொன்னிக்கு இல்லை.

2026 ஜனவரி 27-ல் முடிவானதாக அறிவிக்கப்பட்ட இந்தியா - ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலும் இதே கதைதான். ஐரோப்பிய கார்களுக்கு வரி 110-ல் இருந்து படிப்படியாக 10% வரை இறங்கும், ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் கோட்டா. அரிசி, சர்க்கரை, மாட்டிறைச்சி, கோழி ஆகியவற்றை ஐரோப்பா சலுகைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இத்தாலி, ஸ்பெயினில் நெல் விவசாயிகள் இருக்கிறார்கள் என்பதால் அங்கே காரணமாவது புரிகிறது.

இந்தியாவும் சும்மா இல்லை. பால் பொருட்கள், ஆப்பிள், ஓட்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றை பிரிட்டன் ஒப்பந்தத்தில் இருந்து விலக்கி வைத்தது. நம் விவசாயியைக் காப்பாற்ற நாம் போட்ட வேலியும் அதில் இருக்கிறது.

வேலி இல்லாவிட்டால் டெல்டா விவசாயிக்குப் பணம் வந்திருக்குமா?

இதற்கு நேர்மையான பதில், உடனடியாக வந்திருக்காது.

குறுவை, சம்பா, தாளடி என்று விளையும் நெல்லில் பெரும்பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கே போகிறது. அங்கே வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அந்த அரிசி ரேஷன் கடைக்குப் போகும், லண்டனுக்கு அல்ல. ஏற்றுமதி லாபம் முதலில் சேர்வது தனியார் ஆலைக்கும் ஏற்றுமதியாளருக்கும். அவர்கள் வயலுக்கு வந்து நல்ல விலை கேட்டால்தான் விவசாயிக்குப் பலன்.

ஆனால் அந்தப் போட்டி இருந்தால் என்ன ஆகும் என்பது 2025 அக்டோபரில் டெல்டாவுக்கு நன்றாகவே தெரிந்தது. குறுவை அறுவடை நேரத்தில் மழை பெய்தது. கொள்முதல் நிலைய வாசலிலும் சாலை ஓரத்திலும் நெல் குவிந்து கிடந்தது. நனைந்த நெல் முளைவிட்டது. 17% வரைதான் ஈரப்பதம் என்ற விதியை 22% ஆகத் தளர்த்தக் கேட்டார்கள். ஆய்வு செய்ய மத்தியக் குழுக்கள் வந்தன. வாங்க ஒரே ஒரு கை இருக்கும்போது, அந்தக் கை தாமதித்தால் போக வேறு இடம் கிடையாது.

ஏற்றுமதியில் இன்னொரு சிக்கல் நம்மிடமே இருக்கிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20% ஏற்றுமதி வரி. 2024 செப்டம்பர், அக்டோபரில்தான் இவை விலக்கப்பட்டன. உள்ளூர் விலை ஏறாமல் இருக்க அரசு எடுத்த முடிவு அது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் கதவு மூடித் திறந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளர் தாய்லாந்து, வியட்நாம் பக்கம் போய்விடுவார். வேலி அங்கே மட்டும் இல்லை.

டெல்டாவுக்கு ஒப்பந்தத்தில் எதுவுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வயலில் இல்லை, கடலோரத்தில். இறால் உள்ளிட்ட கடல் உணவுகளுக்கு பிரிட்டனில் இருந்த 4.2% முதல் 8.5% வரையிலான வரி, ஒப்பந்தத்தில் பூஜ்யமாகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதி இறால் பண்ணைகளுக்கு இது முக்கியம். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டபோது இறால் ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இன்னொரு சந்தை இருப்பது நல்லதே.

அரிசி விஷயத்தில், அரைத்து விற்கும் திறன் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்த நிஃப்டெம் இங்கேதான் உள்ளது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சரக்கும் உண்டு, அறிவும் உண்டு. பேச்சுவார்த்தை மேஜையில் பொன்னிக்காகப் பேசத்தான் ஆள் குறைவு.

சுருக்கமாக...

* பெரிய இன்ஜின் பெட்ரோல் சொகுசு கார்களுக்கு, ஒப்பந்தம் அமலான முதல் ஆண்டிலேயே கோட்டாவுக்குள் 30% வரி.
* பென்ட்லி போன்ற ஹைபிரிட் ஜிடி கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சலுகை இல்லை.
* இன்னோவா ஹைகிராஸ் போன்ற, இங்கேயே தயாராகும் கார்களின் விலைக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஜிஎஸ்டி மாற்றம் மட்டுமே அவற்றைப் பாதிக்கும்.
* அரைத்த அரிசி, அதில் அடங்கும் புழுங்கல் அரிசி ஆகியவற்றுக்கு பிரிட்டனில் சலுகை இல்லை. இறாலுக்கு உண்டு.

கோடி ரூபாய் கார் தஞ்சாவூர் தெருவில் ஓடுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வாங்குபவர் வாங்கட்டும். ஆனால் காரின் வரியை 110-ல் இருந்து 10-க்குக் கொண்டுவர பிரிட்டன் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பேசியது. புழுங்கல் அரிசிக்குத் தனிக் கணக்கு கேட்க இந்தியா எவ்வளவு நேரம் செலவிட்டது என்று டெல்டா எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கலாம். நெல்லே விளையாத நாட்டில் புழுங்கல் அரிசிக்கு வரி எதற்கு என்ற கேள்விக்கு, பிரிட்டனிடம் எளிதான பதில் இருக்காது.